வத்தல் மூட்டைகளுக்கு இங்கிலீஷ் வகுப்பு

திருப்புல்லாணி,
ஐப்பசி 5, புதன்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் இருளாண்டி அவர்கள் சமூகத்துக்கு, உங்கள் தங்கை ஈஸ்வரியைக் கட்டிய முத்துகிருஷ்ணன் வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே ஈஸ்வரியும் எங்கள் பிள்ளை, உங்கள் மருமகள் கவிப்ரியாவும் சுகம். கோயம்புத்தூரில் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க உத்தரகோசமங்கையில் விளக்குப் போட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். நீங்கள் எனக்குக் குடோனுக்காகக் கொடுத்த சேதுக்கரை ரோட்டு ஹாலில், போன பங்குனியில் இறந்துபோன சுகந்தி டீச்சர் தினமும் மதியம் பன்னிரண்டரைக்கு இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறார். என் நூற்றுநாற்பது மூட்டை முண்டு மிளகாய் வத்தலும் அந்த ஹாலுக்குள்தான் கிடக்கிறது. வேலைக்காரப் பொம்பளைகள் உள்ளே வர மாட்டேன் என்கிறார்கள். மழை எப்போது வேண்டுமானாலும் இறங்கும்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சொன்னால் நீங்கள் "ஏ மாப்ள, வெயில்ல சுத்தாதீரு" என்று வைத்துவிடுவீர்கள், வாட்ஸ்அப்பில் போட்டால் கண்ணில் தண்ணி வர சிரிக்கிற மஞ்சள் மூஞ்சி ஒன்றை அனுப்புவீர்கள். கடுதாசி என்றால் முழுசாகப் படித்துத்தான் ஆக வேண்டும். நான் பேய்க்குப் பயப்படுகிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். சைக்கிள் கேரியரில் இரண்டு மூட்டை கட்டிக்கொண்டு முதுகுளத்தூருக்கும் கமுதிக்கும் கருவேலங்காட்டு வழியே தனியாகப் போய் வந்தவன். பேய் எதிரே வந்தால் வத்தல் வேண்டுமா என்று கேட்டிருப்பேன். அப்படிச் சேர்த்த மொத்தமும் இந்த நூற்றுநாற்பது மூட்டைதான். ஐப்பசி ஈரத்தில் மூட்டையைப் பிரித்துக் கிளறி, சுவரை விட்டுத் தள்ளிக் காற்றோட்டமாக வைக்காவிட்டால் அடிமூட்டை வேர்த்து, பூசணம் பிடித்து, கார்த்திகையில் குப்பையில் கொட்ட வேண்டியதுதான். அதனால்தான் எழுதுகிறேன், பேய்க்காக இல்லை.

டீச்சர் அந்த ஹாலை உங்களிடம் வாடகைக்கு எடுத்து, எதிரே இருக்கிற தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாட்டு வேளையில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தது உங்களுக்குத் தெரியும். நம்ம கவிப்ரியாவும் அங்கேதான் படித்தது. ஒருநாள் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு நெஞ்சு வலிக்கிறது என்று போனவர் திரும்பவில்லை. நான் புரட்டாசி நடுவில் மூட்டை இறக்கும்போது, சுவரில் சிமெண்டில் போட்டிருந்த போர்டில் அவர் எழுத்து அப்படியே இருந்தது. "தி கேர்ள் சிங்ஸ் டேஷ்." கீழே இரண்டு சொல். "ஸ்வீட், ஸ்வீட்லி." எது சரியோ அதைக் கோடிட்ட இடத்தில் போட வேண்டுமாம். பாவம் என்று நினைத்துக்கொண்டு ஈரத்துணியால் துடைத்தேன். மறுநாள் மதியம் அதே வரி அதே இடத்தில் இருந்தது. பள்ளிக்கூடத்து வாண்டுகள் வேலை என்று பூட்டை மாற்றினேன். திண்டுக்கல் பூட்டு, சாவி என் அரைஞாணில். மூன்றாம் நாள் திரும்பவும் இருந்தது. கோபத்தோடு துடைத்துவிட்டுத் துணியைப் பிழியத் திரும்பினேன், முதுகுக்குப் பின்னால் சாக்பீஸ் கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்தால் புது வரி. "தி மெர்ச்சன்ட் வைப்ஸ் தி போர்ட் டேஷ். ஆங்ரி, ஆங்ரிலி."

மச்சான், எட்டாங்கிளாஸ் படித்தவன் நான், பில்லில் இருக்கிற இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும், ஆனால் மெர்ச்சன்ட் என்பது யார் என்று தெரியாதா. அதைப் படித்து முடிப்பதற்குள் கீழே இன்னொரு வரி ஓடியது. "தி மெர்ச்சன்ட் லுக்ஸ் பிஹைண்ட் ஹிம் டேஷ். ஸ்லோ, ஸ்லோலி." நான் அதற்கு முன்னாலேயே மெதுவாகத் திரும்ப ஆரம்பித்திருந்தேன். பின்னால் யாரும் இல்லை. வெளியே வெயில் வெள்ளை வெளேரென்று அடிக்கிறது, ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறான், உள்ளே மேசையில் பிரம்பால் மூன்று தட்டு. வகுப்பு முடிந்தது என்று அர்த்தம், கவிப்ரியா பிறகு சொன்னது.

பிள்ளையிடம் விஷயத்தைச் சொல்லாமல் பாடத்தை மட்டும் கேட்டேன். "இது ஈஸி அய்யா. ஒரு ஆளு, ஒரு பொருளு எப்படிப்பட்டதுன்னு சொன்னா சும்மா விட்டுறணும். வேலை எப்படி நடந்துச்சுன்னு சொன்னா லி போடணும். ஆங்ரி மேன். அவரு ஆங்ரிலி துடைச்சாரு" என்றது. சரி, நம்ம தொழில்தான் இது என்று எனக்குப் பட்டது. நல்ல வத்தல் என்பது சரக்கு, நல்லாக் காயப்போட்டான் என்பது வேலை. வியாபாரி வேலையைச் சொல்லிச் சரக்கை விற்பான், வாங்குகிறவன் சரக்கைப் பார்த்து வேலையைக் கண்டுபிடிப்பான். எனக்கு இது தெரியாதா என்று மறுநாள் போய் "ஆங்ரிலி" என்று நானே சாக்பீஸில் எழுதினேன். பக்கத்தில் ஒரு டிக் விழுந்தது. கை ஒன்றும் தெரியவில்லை, டிக் மட்டும் மேலே ஏறி நின்றது. சொன்னால் வெட்கம், கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. காம்பு கிள்ளுகிற பொம்பளைகள் பதினோரு பேர், பஞ்சம்மாள்தான் தலைவி, அன்றைக்கு உள்ளே உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டரைக்கு ஹால் சில்லென்று ஆகிவிட்டது. போர்டில் வரி ஓடியது. கவிப்ரியா எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த நேரம், பஞ்சம்மாள் பிள்ளையைப் பிடித்து, "தாயி, அது என்னமோ எம்பேரு மாதிரி இருக்கே, என்னன்னு வாசி" என்றாள். பிள்ளை வாசித்தது. "பஞ்சம்மாள் கிளீன்ஸ் சில்லீஸ் டேஷ். கேர்ஃபுல், கேர்ஃபுல்லி. நீ கவனமா வேலை பாக்குறியாம் அத்தை, அதுக்கு லி போடணும்."

பஞ்சம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "நல்லாத்தேன் சொல்லுது மொதலாளி. இத்தனை வருசத்துல நீங்க ஒரு வார்த்தை சொல்லல, செத்த பொம்பள சொல்லுது. ஆனா அப்பப் பாத்துக்கிட்டே இருக்குன்னுதான அர்த்தம்? நாங்க வாரோம்" என்றாள். கூலியை ஏற்றித் தருகிறேன் என்றேன். "கூலி கொறஞ்சாக்கூடப் பொறுத்துக்கிருவோம். முதுகுக்குப் பின்னால சாக்பீஸ் இழுக்குறதைப் பொறுக்க ஏலாது" என்று சொல்லிவிட்டுப் பதினோரு பேரும் போனார்கள். அன்றிலிருந்து ஒருத்தியும் வாசற்படி ஏறவில்லை.

அடுத்தது நம்ம கருவாட்டுக் கடை மீரா சாகிபு. "என்ன முத்துகிருஷ்ணன், ஊருல ஸ்போக்கன் இங்கிலீசுக்குக் காசைக் கொட்டுறானுக, உமக்குச் சும்மா சொல்லித் தருது, உமக்கு வலிக்குதோ" என்று நக்கல் பண்ணிக்கொண்டே கூட வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போய் இடுப்பில் கை வைத்து நின்று, "டீச்சரம்மா, நம்ம ஆளு கோழை, நான் அப்படியில்ல" என்றார். போர்டு எழுதியது. "மீரா சாகிபு டாக்ஸ் டேஷ். பிரேவ், பிரேவ்லி." பாய் சத்தமாகவே "பிரேவ்லி" என்றார். டிக் விழுந்தது. அதற்குக் கீழே, "மீரா சாகிபு இஸ் டேஷ். பிரேவ், பிரேவ்லி." இது ஆளைப் பற்றிய கேள்வி, லி கிடையாது, அவருக்கும் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், "யா அல்லாஹ்" என்று மெல்லச் சொல்லிவிட்டு வெளியே நடந்தார். அவர் செருப்பு இன்னும் ஹால் வாசலில்தான் கிடக்கிறது, எடுக்க ஆள் அனுப்புகிறேன் என்று ஒரு வாரமாகச் சொல்கிறார்.

நானும் விடவில்லை. தினமும் போனேன். போன சனிக்கிழமை, "முத்துகிருஷ்ணன் வொர்க்ஸ் டேஷ். ஹார்ட், ஹார்ட்லி" என்று வந்தது. இது வேலை, லி போடு என்று "ஹார்ட்லி" எழுதினேன். போர்டு முழுக்க ஒரு பெருக்கல் குறி, சாக்பீஸ் உடைந்து என் காலடியில் விழுந்தது. கவிப்ரியாவிடம் கேட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. "அய்யா, ஹார்ட்லின்னா நீங்க வேலையே பாக்குறதில்லன்னு அர்த்தம். ஹார்ட்டுன்னு சும்மா விடணும், அது ரெண்டுக்கும் ஒன்னுதான். டீச்சர் இதுக்கு மட்டும் ரொம்பக் கோவிப்பாங்க." எவ்வளவு கோபம் என்று ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்த்தேன்.

மச்சான், சுவரோரமாக உத்தரம் வரைக்கும் அடுக்கியிருந்த நூற்றுநாற்பது மூட்டையும் ஹால் நடுவில் உட்கார்ந்திருந்தது. அடுக்கியிருந்தது என்று சொல்ல மாட்டேன், உட்கார்ந்திருந்தது. வரிசைக்குப் பத்து, பதினாலு வரிசை, நடுவில் ஆள் நடக்க வழி, சாக்கு வாய்த் தையல் எல்லாம் போர்டைப் பார்த்து. முதல் வரிசையில் ஒரு மூட்டை தலை சாய்ந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நிமிர்ந்தது. போர்டில், "தி ரூம் ஃபீல்ஸ் டேஷ். கோல்ட், கோல்ட்லி." ஃபீல், ஸ்மெல், லுக் இதுகளுக்கு லி வராது என்று பிள்ளை சொல்லியிருந்தும் எனக்கு எழுத வரவில்லை. கடைசி வரிசையில் பத்தாவது மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு இடம் காலியாக விட்டிருந்தது. ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காருகிற அளவுக்கு.

அது எனக்கு என்று தெரிந்துகொள்ள இங்கிலீஷ் வேண்டியதில்லை. பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இன்றைக்கு மூன்று நாள் ஆகிறது. இதற்கு மேல் நான் தாங்க மாட்டேன். நான் பயந்து ஓடுகிறேன் என்று நினைத்தாலும் சரி. தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமைக்குள் நேரில் வந்து ஹாலைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டையை இறக்க உங்கள் பெரியப்பா மகன் நாகேந்திரனின் கொட்டகையைப் பேசிக்கொடுங்கள். சரக்கு போனால் நான் திரும்பவும் சைக்கிள்தான், இந்த வயதில் பெடல் மிதிக்க முடியாது.

அக்காவுக்கு வணக்கம் சொல்லவும். பிள்ளைகளுக்கு என் ஆசி, நோய்நொடி அண்டாமல் நன்றாகப் படிக்கட்டும், ஆனால் இங்கிலீஷை வீட்டில் வைத்துப் படிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை புருஷன்,
முத்துகிருஷ்ணன்.

பின்குறிப்பு: மழையில் தபால் ஆபீசுக்குப் போக முடியாமல் கடுதாசி சட்டைப்பையிலேயே இருந்துவிட்டது. இன்று சனிக்கிழமை. மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம், நீங்கள் வரவும் வேண்டாம். வியாழனும் வெள்ளியும் விடாமல் பெய்து ரோடே வாய்க்கால் ஆகிவிட்டது. நாகேந்திரன் கொட்டகை உட்பட இந்தப் பக்கத்துக் குடோன் எல்லாவற்றிலும் அடிமூட்டை வேர்த்து வெள்ளை பூத்துவிட்டது. சரக்கு போச்சு என்று காலையில் போய்ப் பூட்டைத் திறந்தால் என்னுடையது சருகு மாதிரி சலசலக்கிறது. சுவரை விட்டுத் தள்ளி, வரிசைக்கு வரிசை இடைவெளி விட்டு, நடுவில் வழியும் விட்டு உட்காரவைத்தால் ஏன் காயாது. பதினோரு பேரை வைத்து நான் செய்ய வேண்டிய வேலையை அந்த அம்மா ஒற்றையாகச் செய்திருக்கிறார். வேலை தெரிந்த ஆளை விடுவானா வியாபாரி.

பன்னிரண்டரை வரைக்கும் காத்திருந்து பேச்சுக்கு உட்கார்ந்தேன். நம்ம மண்டி வழக்கப்படி வாயால் பேசவில்லை. மேசை மேல் துண்டை விரித்து அடியில் கையை நீட்டினேன், பிடிக்கிற விரலின் எண்ணிக்கைதான் கேட்கிற விலை, விருப்பம் இருந்தால் பிடிக்கட்டும் என்று. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு துண்டு லேசாக மேடானது. கிணற்றுத் தண்ணி மாதிரி ஒரு குளிர் என் ஆள்காட்டி விரலை மட்டும் பிடித்து ஒரு அழுத்து அழுத்தி விட்டது. ஒன்று. தினம் ஒரு மணி நேரம்தான் கேட்கிறார், மலிவு என்று நானும் திருப்பி அழுத்தி முடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. விரல் பிடிக்கும் முன் பத்தா, நூறா, ஆயிரமா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்வதுதானே முறை, இருபது வருஷத்தில் ஒருநாளும் தவறியதில்லை, இன்றைக்குப் பதற்றத்தில் மறந்துவிட்டேன். ஒரு மணியா, ஒரு வருஷமா, ஒரு ஆயுசா என்று தெரியாது. துண்டை எடுத்த பிறகு கேட்கிறவன் வியாபாரி இல்லை. ஆகவே முடிந்த பேச்சு இவ்வளவுதான் மச்சான்: மூட்டை அடுக்குவது அவர் பொறுப்பு, மதியம் ஹால் அவருக்கு, கடைசி வரிசையில் உட்காருவது நான், காலம் ஒன்று.