நட்சத்திரத்தைச் சுழற்றிக் காட்டிய கதை

முப்பது வருடம் தொழிற்சாலை ஆய்வாளராக இருந்தவன் நான். விதிமுறைப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் கமா விட்டுப்போயிருக்கிறது என்றுகூடச் சொல்வேன். (யாரும் கேட்டதில்லை.) ஓய்வுபெற்ற இரண்டாம் மாதமே ஒரு விதியை மீறினேன், அதுவும் மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்.

பெண் யாழினி, முதலிபாளையத்தில் சாயப்பட்டறை வைத்திருக்கும் ஆறுமுகத்தின் மகள். நியூட்ரான் நட்சத்திரங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மகனுக்கு அவளை முன்பே பிடித்திருந்தது. "அப்பா, இன்னைக்கு ஒரு நாளைக்கு யாருக்கும் பாடம் நடத்தாதீங்க" என்று மட்டும் கேட்டுக்கொண்டான். கோரிக்கை எழுத்துப்பூர்வமாக வராததால் நான் பரிசீலிக்கவில்லை.

காபி குடிக்கும்போது ஆறுமுகம் சொன்னார்: "புள்ள என்ன படிக்குதுன்னு எனக்கே வெளங்கலீங்க. சொந்தக்காரங்க கேட்டா முழிக்கறனுங்க."

மூன்று நாள் படித்துவிட்டுப் போயிருந்தேன். விடுவேனா?

"சூரியனை விடக் கனமான சரக்கை ஒரு ஊரளவுக்கு அமுக்கி வெச்ச மாதிரிங்க. உள்ளே அது எப்படி இருக்கும்னு ஆளாளுக்கு ஒரு கொள்கை. ஆனா சில நட்சத்திரம் நொடிக்கு எழுநூறு சுத்து சுத்துது. ரொம்ப உப்பலா இருந்தா ஓரம் பிச்சுக்கிட்டுப் போயிரும். போகலையே! அப்ப, உப்பலா இருக்கும்னு சொன்ன கொள்கையெல்லாம் ரிஜெக்ட்!"

யாழினியின் முகம் மலர்ந்தது. அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். "வாங்க, காட்டறேன்" என்று எல்லாரையும் பக்கத்துப் பட்டறைக்குக் கிளப்பினேன். அங்கே ஹைட்ரோ இருந்தது. ஈரத்துணியை வேகமாகச் சுழற்றித் தண்ணீர் வடிக்கும் பெரிய இரும்புத் தொட்டி.

"ஏனுங்க, துணிய சுத்தியும் சமமாப் பரப்பிப் போடோணுமுங்க" என்றார் ஆறுமுகம்.

"முப்பது வருசமுங்க. எனக்கேவா?" (இதே தவறுக்கு எத்தனை பேருக்கு நோட்டீஸ் கொடுத்திருக்கிறேன்!)

பக்கத்தில் சாயம் சொட்டக் கிடந்த மெரூன் துணியை அள்ளித் தொட்டிக்குள் ஒரே பக்கமாகக் குவித்து, மூடியைப் பூட்டி, பட்டனை அழுத்தினேன். ஹைட்ரோ முனகியது. பிறகு குதித்தது. பிறகு எங்களை நோக்கி நடந்து வரத் தொடங்கியது. வடிகால் குழாய் கழன்று, சாயத்தண்ணீர் முழுவதும் என் பட்டு வேட்டியில் பாய்ந்தது. ஆறுமுகம் ஓடிப்போய் மெயினை அணைத்தார்.

மகன் கண்களை மூடிக்கொண்டான். சம்பந்தம் முறிந்தது என்றே நானும் நினைத்தேன்.

சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் யாழினி. "அப்பா, என்ற ஆராய்ச்சி இதேதானுங்க! ஒரே சுத்துல மாமாவோட கொள்கை ரிஜெக்ட்."

மாமா என்றாள். மகன் கண்களைத் திறந்தான்.

"இப்பத்தான் வெளங்குச்சு கண்ணு" என்று ஆறுமுகமும் சிரித்தார்.

கல்யாணம் முடிந்து நாலு வருடமாகிறது. நான் "முப்பது வருசம்..." என்று வாயெடுத்தாலே, "துணியப் பரப்பிப் போட்டீங்களா மாமா?" என்கிறாள் மருமகள். வேட்டியைச் சம்பந்தி கேட்டு வாங்கிக்கொண்டார். மகள் என்ன படித்தாள் என்று சொந்தக்காரர்கள் கேட்டால் அவர் இப்போது முழிப்பதில்லை. பீரோவைத் திறந்து வேட்டியை விரித்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்.