என் சர்க்கரை, என் சம்மதம்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். உரக்கச் சொன்னால் அடுப்படிக்குக் கேட்டுவிடும்.

எனக்குத் தையல் தொழில். உடம்பில் சர்க்கரை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை லேப்பில் ரத்தம் கொடுப்பேன். ரத்தம் என்னுடையது, முடிவு போவதோ வீட்டுக்காரியின் போனுக்கு! அளவு ஏறியிருந்தால், கடைக்குப் பக்கத்து பேக்கரியில் நான் தினமும் தின்கிற கிரீம் பன்னுக்குத் தடை விழுந்துவிடும். இந்தத் தடவை கட்டாயம் ஏறியிருக்கும். தின்ற வாய்க்குத் தெரியாதா?

அந்த நேரம் பார்த்துத்தான் கோட்டுக்கு அளவு கொடுக்க வந்த வக்கீல் சொன்னார்.

"கம்ப்யூட்டர்ல இருக்கிற உங்க விவரத்தை, உங்க சம்மதம் இல்லாம யாருக்கும் கொடுக்கக் கூடாதுண்ணே. சட்டமே இருக்கு. உங்களப் பத்தி என்ன வெச்சிருக்காங்கன்னு நீங்க எழுதிக் கேட்டா, காட்டியே ஆகணும்."

அடடா! அவர் இடுப்பளவைக் குறிக்கக்கூட மறந்து லேப்புக்கு ஓடினேன்.

"என் பொண்டாட்டி நம்பரை எடும்மா. என் நம்பரைப் போடு."

"வீட்ல அம்மாவுக்குத் தெரியுமா ஐயா?"

"சட்டத்துக்குத் தெரியும்!"

ரத்தத்தைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து நெஞ்சை நிமிர்த்தினேன். வக்கீல் சொன்னதை ஒரு வரி விடாமல் ஒப்பித்தேன். "இனிமே என் சர்க்கரை என் சொந்த விஷயம். நீ பாக்கக் கூடாது!"

சண்டை வரும் என்று பார்த்தால், வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "சட்டம்னா சட்டம்தாங்க" என்றாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் குளித்துவிட்டு வருகிறேன், மேசைமேல் போன் 'டிங்' என்றது. முடிவு வந்துவிட்டது! படிக்கலாமென்றால் கண்ணாடியைக் காணோம். அது இல்லாவிட்டால் எனக்குப் பூனையும் தலையணையும் ஒன்றுதான்.

"கண்ணாடி எங்கடி?"

"அது எங்கிட்ட இருக்கிற விவரம்."

"என் கண்ணாடிடி!"

"அப்ப எழுதிக் கேளுங்க. காட்டியே ஆகணுமே!"

"கண்ணாடி இல்லாம எப்படி எழுதறது?"

"அடப் பாவமே. நானே எழுதி வெச்சிட்டேன். நீங்க கைநாட்டு வெச்சாப் போதும்."

எவ்வளவு இரக்கம் பாருங்கள் என்று உருகிப்போய்க் கையை நீட்டினேன். என் கட்டைவிரலைப் பிடித்துக் கறுப்பாக, வழவழவென்று இருந்த எதன்மேலோ அழுத்தினாள்.

"மைப்பெட்டி என்னடி சில்லுனு இருக்கு?"

"புது மைங்க."

"சரி, காகிதம் எங்கே?"

பதிலுக்கு, "முன்னூத்திப் பன்னெண்டு!" என்று ஒரு அலறல்.

நான் அழுத்தியது மைப்பெட்டியை அல்ல. என் விரல் பட்டால் மட்டுமே திறக்கிற என் போனை.

"ஏ... ஏய், என் சம்மதம் இல்லாம..."

"அதான் கைநாட்டே வெச்சிட்டீங்களே!"

சொல்லிவிட்டு, தன் தலைமேல் ஏற்றி வைத்திருந்த என் கண்ணாடியை எடுத்து, முந்தானையில் நன்றாகத் துடைத்து, என் மூக்கில் மாட்டிவிட்டாள்.