கீரைக் கூடாரத்தில் எனக்குத் தடை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே என்னைத் தவிர எல்லோரும் சௌக்கியம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாளும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். மகளை இங்கே அனுப்பிவிட்டவர்களுக்கு என்ன குறை?

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகள் வீட்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் கூடாரம் போட்டு, இங்கே குடியேறியிருக்கிற பல தேசத்துக்காரர்களின் கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் கீரை வளர்ப்பது தாங்கள் அறிந்ததே. நானும் ஒரு கை கொடுக்கலாமே என்று போனேன். அச்சாபீஸில் ஆயுசு முழுக்கப் பிழை திருத்தியவன், தப்பைக் கண்டால் கை சும்மா இருக்காது. கொத்துமல்லிக் கட்டெல்லாம் மண்ணும் வேருமாக அசிங்கமாக இருக்கிறதே என்று வேரை நறுக்கி எறிந்து, அலசி, ஜோராகக் கட்டி அனுப்பினேன். ஓட்டல் சமையல்காரர் போன் போட்டு, "எங்க சமையலுக்கு வேர்தாங்க வேணும், இலையை நீங்களே வெச்சுக்குங்க"ன்னு கத்துறார். சரி, பாடம் படிச்சாச்சுன்னு அடுத்த தடவை வேரும் மண்ணுமா அனுப்பினேனா, அது வேற தேசத்து அம்மா கடைக்குப் போயிடுச்சு. "நான் கீரை கேட்டேனா, தோட்டம் கேட்டேனா?"ன்னு அந்தம்மா திருப்பி அனுப்பிட்டாங்க. இதுக்கெல்லாம் உங்கள் மகள் சிரித்த முகமாகவே வேறு கட்டு கட்டி அனுப்பினாள். அதுதான் பயமாக இருந்தது.

அப்புறம் நடந்ததுதான் விபரீதம். ஒரு பாத்தி முழுக்கத் தரையோட தரையா, சிவப்புத் தண்டும் குட்டிக்குட்டி இலையுமா களை மண்டிக் கிடந்தது. சாக்கடை ஓரத்துல முளைக்கிற அதே சனியன். விடுவேனா? இடுப்பு ஒடிய அத்தனையும் பிடுங்கி எருமேட்டுல வீசிட்டு, "பாரும்மா!"ன்னு நிமிர்ந்து நின்னேன். பார்த்தாள். அது பருப்புக்கீரையாம்! விதை தேடி வாங்கி, ஒரு கடைக்கென்றே போட்டதாம். பக்கத்தில் நான் ஆசை ஆசையாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்ததுதான் களையாம். "மாமா, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று மட்டும் சொல்லிக் கூடாரத்தின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

சம்பந்தி, திட்டியிருந்தால் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பேன். இந்த ரெஸ்ட்தான் என்னைக் கொல்கிறது. இரண்டு வாரமாக ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, அவளும் என் பையனும் கூடாரத்துக்குள் வேலை செய்யும் நிழலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த வீட்டில் எதற்கும் உதவாதவன் ஆகிவிட்டேன். ஒன்று, தாங்கள் உங்கள் மகளிடம் பேசி என்னை உள்ளே விடச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் டிக்கெட் எடுத்து என்னை அங்கே அழைத்துக்கொள்ள வேண்டும். தங்களுக்குத் தோட்டம் இல்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். அங்குள்ள சின்னவர்கள் எல்லோருக்கும் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி
(தற்சமயம் ரெஸ்டில்)

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை எங்கே என்று கேட்கக் கொல்லைப்பக்கம் போனால், எருமேடு பூராவும் களை. இதையாவது சுத்தம் செய்து நல்ல பெயர் வாங்கலாமே என்று குனிந்தேன். "மாமா, கையை எடுங்க!" என்று என் மருமகள் அலறிக்கொண்டு ஓடி வந்தாள். நான் பிடுங்கி வீசிய பருப்புக்கீரைதான். விழுந்த இடத்திலேயே வேர்விட்டு, பாத்தியில் இருந்ததைவிடத் தளதளவென்று நிற்கிறது. அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அங்கேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. இனி எருமேட்டுக்கு நான்தான் காவல். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. ஆகவே டிக்கெட் வேண்டாம். என் மருமகளிடம் எதுவும் பேசவும் வேண்டாம். வேலை நேரத்தில் போன் வந்தால் எங்களுக்குத் தொந்தரவு.