கூஜாவுக்குள் ராஜாவின் குடல்

பள்ளிக் கண்காட்சிக்கு என் பெண் பாத்திரம் கேட்டால் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். போன வாரமும் கேட்டாள். ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுப்பதற்கு முன், அதில் யார் பேராவது வெட்டியிருக்கிறதா என்று மூன்று முறை திருப்பிப் பார்த்தேன்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் படித்தேன். சரித்திரக் கண்காட்சியில் எங்கள் வகுப்புக்கு எகிப்து. ராஜாவின் கல்லறை என் பொறுப்பு. (நானே கேட்டு வாங்கியது. கெட்ட நேரம் என்னைத் தேடி வராது. நான்தான் பஸ் ஏறிப்போய் அழைத்து வருவேன்.)

எகிப்தியர்கள் ராஜாவை வெறுங்கையோடு மறு உலகத்துக்கு அனுப்புவதில்லை. சாப்பிட உணவு, ஏவல் செய்யப் பொம்மைகள் எல்லாம் கூடவே வைப்பார்கள். நுரையீரல், ஈரல், இரைப்பை, குடல் நான்கையும் தனித்தனி மூடி ஜாடிகளில் பத்திரப்படுத்துவார்கள். இதயம் மட்டும் உடம்பிலேயே இருக்கும். மறு உலகத்தில் அதை ஓர் இறகோடு தராசில் வைத்து நிறுப்பார்களாம்.

மூடி போட்ட ஜாடி நான்குக்கு எங்கே போவது? ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் நான்கு எவர்சில்வர் கூஜாக்கள் இருந்தன. வைதேகி அக்காவின் கல்யாணச் சீர். கல்யாணத்துக்கு மூன்றே வாரம். மாப்பிள்ளை வீட்டிலோ, அலம்பிய சொம்பையே மறுபடி அலம்பும் அளவுக்கு ஆசாரம்.

அம்மாவுக்குத் தெரியாமல் அக்காதான் சாவி கொடுத்தாள். "கீறல் விழாம கொண்டு வந்துடுடீ!" சீரில் இருந்த மரப்பாச்சிகளும் ராஜாவின் வேலைக்காரர்களாக என்னோடு பஸ் ஏறின.

ராஜாவாக நானே படுத்தேன். கிழித்த வேட்டியால் என்னைக் கழுத்துவரை சுற்றி, அட்டை முகமூடி மாட்டினார்கள். பெருமையில் மூச்சுக்கூட அளவாகத்தான் விட்டேன்.

அப்போது ஒரு குரல். சம்பந்தி மாமி! அக்காவின் வருங்கால மாமியார். அவர் அண்ணா பெண்ணும் எங்கள் பள்ளிதான்.

"இது என்ன, 'சௌ. வைதேகி'ன்னு வெட்டியிருக்கு? நம்மாத்துக்கு வரப்போற பொண்ணு பேராச்சே!"

அடுத்து, கூஜாவின் கழுத்தில் நான் ஒட்டியிருந்த சீட்டை உரக்கப் படித்தார்.

"குடல்."

கூஜாவைத் தொட்ட விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"பொணத்துக்குப் பக்கத்துல வெச்ச சீரா எம்பிள்ளைக்கு? இந்தச் சம்பந்தமே எங்களுக்கு..."

"மாமி!" என்று ராஜா எழுந்து உட்கார்ந்தார். பெண்கள் அலறிக்கொண்டு பக்கத்துச் சீன தேசத்துக்குள் ஓடினார்கள். முகமூடி என் காதில் தொங்கியது.

"கூஜா காலி மாமி! அலம்பித்தான் வெச்சேன்!"

"தீட்டு போயிடுமோ?"

"பொணமே இல்லையே மாமி! ராஜா செத்துட்டார்னே அவா நினைக்கலை. படுத்துண்டிருக்கார், அவ்வளவுதான். நம்ம ரங்கநாதரும் சயனத்துலதானே இருக்கார்? அவர் சன்னிதிப் பாத்திரத்தைத் தீட்டுங்கறோமா?"

பெயரைக் கேட்டதும் மாமியின் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. போட்ட கையை என்ன செய்வதென்று அவருக்கே தெரியவில்லை. என் இதயம் மட்டும் அப்போது தராசில் ஏறியிருந்தால் தராசு முறிந்திருக்கும்.

கடைசியில், "நல்ல வேளை, நாங்க பாத்தது மூத்தவளை!" என்று சிரித்துவிட்டார்.

முதல் பரிசு எகிப்துக்கு. கல்யாணமும் குறித்த முகூர்த்தத்தில் நடந்தது. அம்மாவிடம் நான் வாங்கியதைப் பற்றி இங்கே எழுதுவதாக இல்லை.

சீட்டுகள் அன்றைக்கே கிழிந்துவிட்டன, பெயர்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. அக்கா வீட்டில் இன்றும் காபி வரும்போது, "ஈரலா, இரைப்பையா?" என்று யாராவது கேட்பார்கள். ஆசாரம் துளியும் குறையாத அந்த மாமி மட்டும் டம்ளரை நீட்டிச் சொல்வார்:

"எனக்குக் குடல்லேருந்து விடு. அதுலதான் சூடு நிக்கறது."