ஓம் ட்வெல்வாய நமஹ

ஆந்திர எல்லை ஊரான விஜயபுரத்துக்கு வெளியே பத்து வருஷமாக மூடிக் கிடந்த ரைஸ் மில்லுக்குத் திடீரென்று இறக்கை முளைத்தது. வாசலில் தெர்மோகோலில் செய்த போர் விமானம். அதன் மூக்கில் சந்தனம், குங்குமம், வாலில் எலுமிச்சம்பழம். பக்கத்தில் ஆளுயர பேனர்: 'ராணுவ பைலட் ஆக வேண்டுமா? கண்ணாடி வேண்டாம், ஆபரேஷன் வேண்டாம், டாக்டரும் வேண்டாம். ஒரு மண்டலம் போதும். ஸ்ரீலஸ்ரீ ககன நேத்ரானந்த சுவாமிகள்.' கீழே தெலுங்கிலும் அதே பொய், கொஞ்சம் பெரிய எழுத்தில்.

ஞாயிற்றுக்கிழமைகளில் புத்தூர், நகரி, சத்தியவேடு பஸ்களில் கால் வைக்க இடமில்லை. எல்லாம் பைலட் கூட்டம். கிட்டப்பார்வை, தூரப்பார்வை, மாறுகண், நிறம் தெரியாத கண், எதுவானாலும் சாமியிடம் ஒரே வைத்தியம்தான். முதலில் தெர்மோகோல் விமானத்தை ஒன்பது சுற்று சுற்ற வேண்டும். சுற்றும்போது வாயால் ர்ர்ர் என்று சத்தம் வர வேண்டும். எம்.ஏ. படித்த வாத்தியார் ஒருவர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ர்ர்ர் என்று ஓடியதை நானே பார்த்தேன். மகனுக்கு ஜலதோஷமாம். அவனுக்குப் பதிலாக அப்பா பறந்தார்.

அடுத்தது உண்டியல். சாதாரண உண்டியல் இல்லை, மூக்குக்கண்ணாடி உண்டியல். திருமலையில் முடி கொடுத்துப் பழகிய ஜனம். தலையில் இருப்பதைக் கொடுத்தால் சந்தோஷப்படுகிற தெய்வம், மூக்கில் இருப்பதைக் கொடுத்தால் வேண்டாம் என்றா சொல்லும்? பிள்ளைகள் கண்ணாடியைக் கழற்றிப் போட்டார்கள். போட்ட அன்றே ஒரு பையன் தன் அப்பா என்று நினைத்து வேறு ஒருவர் வண்டியில் ஏறி உட்கார்ந்து நகரி வரை போய்விட்டான். "பார்வை மாறத் தொடங்கிவிட்டது" என்றார் சாமி. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

எல்லாவற்றுக்கும் மேல் மந்திரம். நாற்பத்தெட்டு நாள், தினம் நூற்றெட்டு தடவை. "ஓம் ட்வெல்வாய நமஹ. ஓம் எயிட்டாய நமஹ. ஓம் சிக்ஸாய நமஹ. ஓம் ட்வென்டி நைனாய நமஹ. ஓம் ஃபிஃப்டி செவனாய நமஹ..." இப்படிப் பதினேழு நாமங்கள். வேதத்தில் இங்கிலீஷ் எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பைலட் வேலைக்கு இங்கிலீஷ் அவசியம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மண்டலம் முடிந்ததும் சாமி ஒரு புத்தகத்தைப் பட்டுத்துணியிலிருந்து எடுப்பார். பக்கத்துக்குப் பக்கம் வட்டம் நிறைய வண்ணப் புள்ளிகள், புள்ளிகளுக்குள் வேறு நிறத்தில் ஓர் எண். சிவப்பும் பச்சையும் குழம்பாத கண்ணுக்கு அந்த எண் தெரியும். குழம்புகிற கண்ணுக்குப் புள்ளிதான் தெரியும். சாமி தன் திருக்கரத்தால் முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்புவார். பையன் "ட்வெல்வ், எயிட், சிக்ஸ்" என்று கடகடவென்று சொல்வான். அம்மாக்கள் அழுவார்கள். தட்சணை பதினோராயிரம் தட்டில் விழும்.

ஏன் யாருக்கும் சந்தேகம் வரவில்லை என்று கேட்கிறீர்களா? எல்.கே.ஜி.யிலிருந்து இந்த ஊர்ப் பிள்ளைகள் பாஸானதே இப்படித்தான். கேள்வி வரும் வரிசையில் பதிலை உருப்போட வேண்டும், உட்கார்ந்து கக்க வேண்டும், ரேங்க் வாங்க வேண்டும், படம் போட்டு பேனர் கட்ட வேண்டும். கண்ணையும் உருப்போட்டுப் பாஸாக்கலாம் என்று ஒரு சாமி சொன்னால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

நிலக்கடலை விவசாயி ஜெயபிரகாஷின் மகன் யஸ்வந்தும் அந்த வரிசையில் இருந்தான். கெட்டிக்காரப் பையன். விமானப்படைக்கு எழுத்துத் தேர்வு பாஸ், நேர்முகத் தேர்வும் பாஸ். பெங்களூரில் மருத்துவப் பரிசோதனை மட்டும்தான் பாக்கி, அதற்கு ஒன்பது நாள் இருந்தது. ஆனால் கல்லூரி என்.சி.சி.யில் பார்த்த டாக்டர், "நிறம் பார்ப்பதில் உனக்குக் கோளாறு போலிருக்கிறது" என்று சொல்லியிருந்தார். மற்ற கிளைகளில் நிறத்துக்கு அவ்வளவு கண்டிப்பு இல்லை, பைலட் கிடைக்காவிட்டால் தரைப்பணி என்று இரண்டாவது விருப்பம் எழுதிவை என்றும் சொன்னார். அதைக் கேட்ட சாமி கண்ணை மூடிக்கொண்டார். "இரண்டாவது விருப்பம் என்பது சந்தேகம். சந்தேகம் வந்தால் மந்திரம் பலிக்காது. பைலட் என்று மட்டும் எழுது" என்றார். பையனும் தலையாட்டிவிட்டு வந்தான்.

அவனுடைய அக்கா காவ்யாவுக்கு ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வேலை. கார்களுக்கு வயர் கட்டுகிற கம்பெனி. காலையிலிருந்து மாலை வரை சிவப்பு, பச்சை, பழுப்பு, ஊதா என்று வயர்களைப் பார்த்துத் தப்பானதைப் பிடுங்கி எறிவதுதான் அவள் உத்தியோகம். ஷிப்ட் முடிந்து வந்து தட்டில் கை வைத்தபோது வாசலிலிருந்து தம்பியின் ஜபம் கேட்டது.

"ஓம் ஃபிஃப்டி செவனாய நமஹ. ஓம் ஃபைவாய நமஹ. ஓம் த்ரீயாய நமஹ."

காவ்யா சோற்றைக் கீழே வைத்தாள். "அடுத்தது ஃபிஃப்டீன், அதுக்கப்புறம் செவன்டி ஃபோர். சரியா?"

யஸ்வந்த் ஓடி வந்தான். "உனக்கு எப்படிக்கா தெரியும்? அது ரகசிய மந்திரமாச்சே."

"இன்னா ரகசியம்? கம்பெனில சேர்றப்ப எங்க டாக்டரம்மா இதே புக்கத்தான் காட்னாங்க. வருஷா வருஷம் காட்டிக்கினுதான் கீறாங்க. அது மந்திரம் இல்லடா, அந்தப் புக்கோட பக்க வரிசை."

"சாமிகாரு எனக்குக் கண்ணத் தொறந்துக்கினு கீறாரு. நேத்து முதல் பக்கம் மட்டும் காட்னாரு, ட்வெல்வ் தெளிவாத் தெரிஞ்சிது."

"முதல் பக்கம் எல்லாருக்கும் தெரியும். அதுக்குன்னே போட்டது. ரெண்டாவது பக்கம்?"

காவ்யா எழுந்துபோய்க் கூடையில் இருந்த தக்காளியில் காயும் பழமுமாகப் பத்து எடுத்து வைத்தாள். "தொடாத, கண்ணால பாத்தே பழத்தப் பிரி." அவன் பிரித்தான். பழத்தோடு மூன்று காய் போயின.

"தக்காளிக்கு மந்திரம் குடுக்கல" என்றார் நைனா ஜெயபிரகாஷ் கட்டிலிலிருந்து. "சாமிகாரு மேல சந்தேகப்பட்டுக்கினு கெடுத்துடாத. போய் துன்னு."

"நைனா, பெங்களூர் டாக்டரு கண்டுபுடிச்சிட்டா பைலட்டும் போச்சு, எழுதாத வேற கிளையும் போச்சு. கண்டுபுடிக்கலன்னா இன்னும் மோசம். ரன்வேல சிவப்பு லைட்டப் பாத்துப் பச்சைன்னு எறங்குவான். அப்ப எந்த நாமத்தச் சொல்லுவான்?"

"உனக்கு நான் பறக்கறது புடிக்கல" என்றான் யஸ்வந்த். காவ்யாவுக்குச் சுருக்கென்று தைத்தது. அவன் ஐந்தாவது படிக்கும்போது நோட்டு அட்டையில் விமானம் ஒட்டிக் கொடுத்தவளே அவள்தான். அன்று அவளுக்கு வாதாடுவதில் நம்பிக்கை போய்விட்டது. வாதத்துக்கு மசியாத நைனா எதற்கு மசிவார் என்று யோசித்தாள்.

வெள்ளிக்கிழமை மில்லில் விமானோற்சவம். மண்டலம் முடித்த முப்பத்தொரு பேருக்கும் அன்று கண் திறப்பு. நாதஸ்வரம், கேசரி, காகித ராக்கெட் பிரசாதம். சாமி பட்டுத்துணியை அவிழ்த்துப் புத்தகத்தை எடுத்தபோது, காவ்யா கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்து பணிவாகக் கும்பிட்டாள்.

"சாமி, பெங்களூர்ல டாக்டரு இவங்களத் தனித்தனியா கூப்புடுவாரு. பசங்க பயந்துடுவாங்க. இன்னிக்கே ஒரு மாடல் டெஸ்ட் வெச்சிட்டா இன்னா? நான் டாக்டரு மாதிரி பக்கத்தத் திருப்பறேன்."

மாடல் டெஸ்ட். அந்த இரண்டு சொற்களைக் கேட்டதும் பெற்றோர் முகமெல்லாம் மலர்ந்தது. தெய்வத்தை நம்புவதில்கூட அவர்களுக்குள் வித்தியாசம் உண்டு. மாடல் டெஸ்டை நம்பாதவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை.

"பாகுந்தி, பாகுந்தி" என்று தெலுங்கில் மெச்சினார் புத்தூர்க்காரர் ஒருவர்.

"ரேங்க் போடுவீங்களாம்மா?" என்று கேட்டாள் நகரி கமலம்மா. அவள் மகன் சண்முகம் முதல் வரிசையில் நின்றான்.

"அது அபசாரம்" என்றார் சாமி. "புத்தகத்தைப் பிறர் தொட்டால் சக்தி போய்விடும்."

"மாடல் டெஸ்ட் வெக்காத கோச்சிங்கு ஒரு கோச்சிங்கா?" என்று கமலம்மா சண்டைக்கு வந்தாள். "பதினோராயிரம் கேக்கற எடத்துல ஒரு ரிவிஷன் கூட இல்லன்னா எப்படி?" ஜெயபிரகாஷும் எழுந்து நின்றார். "வெக்கட்டுமே சாமி. என் புள்ளதான் ஃபர்ஸ்ட் வருவான்." நாலு புறமும் நியாயம் பேசினார்கள். சாமி வாயைத் திறக்கும் முன்னே புத்தகம் கை மாறி காவ்யாவிடம் வந்துவிட்டது.

முதலில் சண்முகம். காவ்யா புத்தகத்தை நடுவில் திறந்தாள்.

"ட்வெல்வ்" என்றான் சண்முகம்.

அந்தப் பக்கத்தில் இருந்தது எழுபத்து நாலு. நல்ல கண் உள்ள அம்மாக்கள் எட்டிப் பார்த்தார்கள். காவ்யா கடைசிப் பக்கத்துக்குப் போனாள். "எயிட்" என்றான். பின்னாலிருந்து முன்னால் வந்தாள். "சிக்ஸ்" என்றான். புத்தகத்தை மூடி அட்டையைக் காட்டினாள். சண்முகம் சற்றும் தயங்காமல் "ட்வென்டி நைன்" என்றான்.

அடுத்தவனுக்கு யாருடைய கையிலோ இருந்த கல்யாணப் பத்திரிகையைக் காட்டினாள். அவனும் "ட்வெல்வ்" என்றான். மூன்றாவது ஆளுக்குக் கேசரித் தொன்னையைக் காட்டினாள். ட்வெல்வ். கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது. பிறகு மில்லே குலுங்கிச் சிரித்தது. நாதஸ்வரக்காரர் சிரித்த சிரிப்பில் வாத்தியம் தானாகவே ஒரு சத்தம் போட்டது.

"ஆர்டர் மாத்திக் கேட்டா எப்படிம்மா?" என்று கமலம்மா மட்டும் விடவில்லை. "அது அவுட் ஆஃப் சிலபஸ்."

"அப்ப சாமியே சொல்லட்டும்" என்றாள் காவ்யா, எழுபத்து நாலைத் திறந்து சாமியின் மூக்குக்கு நேரே நீட்டி. "ஊருக்கே கண்ணு குடுக்கறவரு. இதுல இன்னா நம்பரு சாமி?"

சாமி புத்தகத்தைத் தள்ளிப் பிடித்தார். பக்கத்தில் கொண்டுவந்தார். மறுபடி தள்ளினார். ஐம்பது தாண்டிய கைக்குப் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, அது சாமியாரா சம்சாரியா என்று பார்க்குமா? கை தானாகக் காவியின் மடிப்புக்குள் போயிற்று, வெளியே வந்தது, சாமியின் மூக்கில் ஒரு மூக்குக்கண்ணாடியை மாட்டியது. மாட்டிய பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கே விளங்கியது.

"கண்ணாடி வேண்டாம், ஆபரேஷன் வேண்டாம்" என்று பேனரை உரக்கப் படித்தார் மகனுக்குப் பதிலாகப் பறந்த வாத்தியார். இந்த முறை அவர் ர்ர்ர் என்று ஓடவில்லை, துரத்தினார்.

காவ்யா புத்தகத்தின் உள் அட்டையைத் திருப்பிக் காட்டினாள். ஏதோ ஓர் இலவசக் கண் முகாமின் ரப்பர் ஸ்டாம்ப். அந்த முகாமில் டார்ச் பிடிக்கப் போன ரமணா, வரும்போது புத்தகத்தையும் பிடித்துக்கொண்டு வந்து ககன நேத்ரானந்தா ஆனான் என்பது பிறகு ஸ்டேஷனில் தெரிந்தது. பின்வாசல் வழியாக ஓடியவனை நகரியில் பிடித்தார்கள். அந்த மில்லிலிருந்து கிளம்பிய ஒரே விமானம் அவன்தான்.

மில்லில் உண்டியலைக் கவிழ்த்தார்கள். முந்நூறு மூக்குக்கண்ணாடி. தன் கண்ணாடி எது என்று கண்டுபிடிக்கவும் கண்ணாடி வேண்டியிருந்தது. அன்று பாதிப் பேர் அடுத்தவர் பார்வையோடு வீடு போனார்கள்.

யஸ்வந்த் சிரிக்கவில்லை. அவன் முறை வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கூட்டம் கலைந்தபின் புத்தகத்தைத் தானே எடுத்து நடுவில் திறந்து வெகுநேரம் பார்த்தான்.

"இதுல இன்னாக்கா இருக்குது?"

"செவன்டி ஃபோர்."

"எனக்குப் புள்ளிதான் தெரியுது." குரல் உடைந்துவிட்டது. காவ்யா அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவளும் அழுதாள். ஜெயபிரகாஷ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அந்த ரெண்டாவது விருப்பம் எழுதற பேப்பரு எங்க கீது?" என்று கேட்டார். அவ்வளவு பெரிய மன்னிப்பை அவர் அதுவரை யாரிடமும் கேட்டதில்லை.

பெங்களூரில் டாக்டர் புத்தகத்தை எடுத்ததும் நடுப்பக்கத்தைத்தான் திறந்தாராம். "நம்பர் தெரியவில்லை சார்" என்று சொல்லிவிட்டான் பையன். விமானம் ஓட்டத் தகுதியில்லை, தரைப்பணிக்குத் தகுதி உண்டு என்று எழுதிக் கொடுத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு விமானம் ஏறிக்கொண்டிருந்ததாம். அதைப் பார்த்துக்கொண்டே போனில் அழுதான். அழாமல் எப்படி இருப்பான்? ஆனாலும் பட்டியலில் பெயர் இருந்தது. உண்மையைச் சொன்னதால் இருந்தது.

செய்தி ஊரில் பரவியது. மறு ஞாயிறு காவ்யாவின் வீட்டு வாசலில் ஒரு கூட்டம். கையில் தேங்காய், பழம், பூ. முன்னால் கமலம்மா. பின்னால் புது மூக்குக்கண்ணாடியோடு சண்முகம்.

"காவ்யாம்மா" என்று கமலம்மா கண்ணை மூடிக் கை கூப்பினாள். "உன் கையில ஏதோ சக்தி கீது. உன் தம்பிக்கு வேலையே கெடச்சிடுச்சி. உன் கையால ஒரே ஒரு தடவ எம்புள்ள படிக்கற புக்க நடுவுல தொறந்து குடும்மா." கூட்டம் மொத்தமும் கை கூப்பியது. நாலு பேர் கன்னத்திலும் போட்டுக்கொண்டார்கள்.

காவ்யாவுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. நெருங்கி வந்து கமலம்மாவின் கூப்பிய கைகளைப் பிடித்து இரண்டாகப் பிரித்தாள்.

"ரெண்டு கையையும் சேத்துக் கும்புட்டுக்கினே இருந்தா, பக்கத்த யாரு கமலம்மா திருப்பறது?"