தீப்பொறிக்குத் தைத்த கால்சட்டை

கூச்சப்படுகிறவனுக்கு ஒரு பெரிய வியாதி உண்டு. 'என்னால் முடியாது' என்று சொல்லவும் அவனுக்குக் கூச்சமாக இருக்கும். அதனால் தைரியசாலிகள்கூடத் தொடாத காரியத்தை ஒப்புக்கொண்டு வந்து நிற்பான். நடுத்தர வயதில், தொப்பையோடு, உடம்பைப் பிடிக்கிற சிவப்பு உடையில் நான் மேடை ஏறியது அப்படித்தான்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். படிப்பு ஐந்தாவதோடு சரி. அதற்கப்புறம் எழுத்து மறந்துபோகாமல் காப்பாற்றியது 'வால்நட்சத்திரப் படை' என்ற சித்திரக்கதை. வெளிநாட்டுச் சரக்கு. தமிழில் சாணிப் பேப்பரில் கறுப்பு வெள்ளையாக வரும். மீசை முளைக்காத நாலு பையன்கள், ஒரு பெண், எல்லாருக்கும் ஆளுக்கொரு சக்தி. தலைவன் பெயர் தீப்பொறி. விரல் சொடுக்கினால் நெருப்பு வரும். (நானும் சொடுக்கிப் பார்த்திருக்கிறேன். விரல்தான் வலித்தது.)

நேரில் நான் ஊமை. ஆனால் எங்கள் வாசகர் வாட்ஸ்அப் குழுவில் நான் புலி. அங்கே தீராத சண்டை ஒன்று உண்டு, தீப்பொறியின் உடை என்ன நிறம் என்று. உள்பக்கம் எல்லாம் கறுப்பு வெள்ளை. அட்டையிலோ, அந்த மாதம் அச்சகத்தில் எந்த மை மிஞ்சியதோ அதுதான் நிறம். ஒரு மாதம் பச்சை, மறுமாதம் ஊதா. நான் சிவப்புக் கட்சி. விடிய விடிய எழுதி எதிர்க்கட்சியை ஒழித்தேன். அதில் ஏமாந்து குழுவின் தலைவர் சண்முகம் போன் பண்ணினார்.

"அண்ணா, இந்த வருசக் கூட்டத்துல படையோட வரலாற்ற நீங்கதான் பேசறீங்க. தீப்பொறி வேசத்துலயே வந்துருங்க. நோட்டீசு அடிச்சாச்சுங்க."

நான் "ம்" என்றேன். மறுப்பதற்காகத்தான் அந்த "ம்"மை ஆரம்பித்தேன். மீதி வரவில்லை.

என் மனைவி செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, கட்டிலுக்கடியில் இருந்த என் புத்தகப் பெட்டியைக் காலால் தட்டினாள். அந்தப் பெட்டிக்கும் அவளுக்கும் கல்யாணமான நாள் முதல் ஆகாது.

"ஏனுங்க, ஒரு பேச்சுப் பேசிக்கலாமா? மேடையில நின்னு முழுசாப் பேசி முடிச்சீங்கன்னா இது ஊட்டுலயே இருக்கட்டும். பாதியில ஓடி வந்தீங்கன்னா அன்னைக்கே பழைய பேப்பர் கடைக்குப் போயிரும்."

"சரி அம்மிணி" என்றேன். இதற்கும் மறுப்புச் சொல்லக் கூச்சம்.

எங்கள் மகள் பிரியா காலேஜில் படிக்கிறாள். அவள் ஒரு சொல்தான் சொன்னாள். "போச்சு."

கம்பெனியில் முதலாளியிடம் கேட்டு ஒரு துண்டு சிவப்பு ரிப் துணி வாங்கி வந்தேன். பனியனுக்குக் கழுத்துப் பட்டி வைக்கிற துணி அது. அகலவாட்டில் ரப்பர் மாதிரி இழுபடும், நீளவாட்டில் அவ்வளவாக அசையாது. அதனால் இழுபடுகிற பக்கம் உடம்பைச் சுற்றி வருகிற மாதிரி வெட்ட வேண்டும். கம்பெனியில் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லித்தருகிற பாடம். நானே எத்தனையோ பேருக்குச் சொல்லித்தந்திருக்கிறேன், திட்டியும் தந்திருக்கிறேன்.

ஆனால் அப்படி வைத்துப் பார்த்தால் ஒரு கால் துணிக்கு வெளியே போனது. இன்னொரு துண்டு கேட்கலாம். (கேட்பதா? நானா?) அளவு அட்டையைக் குறுக்கே திருப்பி வைத்தேன். கனகச்சிதமாக அடங்கியது. கைப்பிடித் துணிகூட வீணாகவில்லை. கட்டிங் மாஸ்டருக்குத் துணி மிச்சமானால் புத்தி மட்டுப்பட்டுவிடும். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு வெட்டினேன்.

கூட்டம் ஒரு பேக்கரிக்கு மேலே, மாடி ஹாலில். பாத்ரூமில் உடையை மாட்டினேன். குறுக்கே ஒரு நூல்கூட இளகவில்லை. வெளியே வந்தபோது செல்வி மேலும் கீழும் பார்த்தாள்.

"மாமா, மூச்சு வருதுங்களா?"

"உள்ள வருது. வெளிய போறதுதான் செரமம்."

பெயரைக் கூப்பிட்டார்கள். மேடை ஏறினேன். ஹால் நிறைய ஆட்கள். ஃபேன் காற்று அவர்களுக்கு மட்டும். எனக்கு வியர்த்தது. வியர்வையைக் குடிக்கக் குடிக்கத் துணி கனத்தது. கனத்த துணி, இழுபடுகிற பக்கமாக இழுபட்டது. அதாவது, கீழே பார்த்து.

முதலில் கைகள். மணிக்கட்டில் நின்ற துணி உள்ளங்கைக்கு வந்தது, பிறகு விரலை மூடி, விரலையும் தாண்டித் தொங்கியது. மைக்கைப் பிடித்தால் அது துணிக்குள் நழுவி ஓடுகிறது. வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அந்தக் காற்றும் மைக்கில் கேட்டது.

பின்வரிசையிலிருந்து ஒருவர் அன்பாகவே விசாரித்தார். "ஏனுங்க தீப்பொறி, கை எங்கீங்க?"

ஹால் அதிர்ந்தது. நான் முடிவு பண்ணிவிட்டேன். பெட்டி போனால் போகட்டும், உயிர் முக்கியம். ஓடுவதற்காகத் திரும்பினேன். கால் நகரவில்லை. குனிந்து பார்த்தால் பாதத்தையே காணோம். கால்சட்டையின் இரண்டு காலும் இறங்கி, பாதத்தை விழுங்கி, தரையில் குவிந்து கிடந்தன. ஓர் எட்டு வைத்தாலும் குப்புற விழுவேன். இழுத்துச் சுருட்டவோ, கை இருந்தால்தானே?

செல்வி இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து பேப்பர் கடைக்காரனுக்குப் போன் போடுகிறவள் மாதிரி செல்போனைக் கையில் வைத்திருந்தாள்.

ஓட வழியில்லாதவன் வேறு என்ன செய்வான்? பேசினேன்.

"முதல் கதையில இப்படித்தானுங்க இருப்பாங்க," என்றேன். அது பொய்யில்லை. முதல் கதையில் அந்த ஐந்து பேரும் பெரிய வீரர்களுக்கு எடுபிடிகள். எஜமானர்கள் எல்லாரும் ஒரே குகையில் மாட்டிக்கொள்ள, இவர்கள் பெரியவர்களின் பழைய உடையை மாட்டிக்கொண்டு, கை தொங்க, கால் தடுக்க, மீட்கப் போவார்கள். முன்வரிசைக்காரர்கள் எழுந்து என் காலடியை எட்டிப் பார்த்தார்கள். பிறகு கைதட்டினார்கள். நான் யோசித்து யோசித்து அந்த உடையைத் தைத்தேன் என்று நினைத்துவிட்டார்கள்.

அதற்குமேல் என்னைப் பிடிக்க முடியவில்லை. மீட்கப்பட்ட பெரியவர்கள் திரும்ப எடுபிடி வேலைக்குக் கூப்பிட்டதும், ஐந்து பேரும் மாட்டேன் என்று தனிப்படை அமைத்ததைச் சொன்னேன். (எனக்கு வராத அந்தச் சொல்லைச் சொன்னதால்தான் அவர்களை எனக்குப் பிடித்ததோ என்னவோ.) படையில் சண்டை வந்து பிரிந்ததை, தீப்பொறி மலையிலிருந்து விழுகிற படத்தோடு தமிழ்ப் பதிப்பு நின்றுபோனதை, 'தொடரும்' என்ற எழுத்தைப் பார்த்துக்கொண்டே நாங்கள் எல்லாரும் கல்யாணம் முடித்துப் பிள்ளை பெற்றதைச் சொன்னேன். பல வருசம் கழித்து வேறொரு கம்பெனி புதுப் பிள்ளைகளை வைத்துப் படையை ஆரம்பித்ததையும், அதில் தாடி வைத்த ஒரு வாத்தியார் விரல் சொடுக்கி அடுப்புப் பற்றவைத்ததையும் சொன்னபோது முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்தார். ஆள் பச்சைக் கட்சி.

சண்முகம் கீழே நின்று சாப்பாடு ஆறுகிறது என்று சைகை காட்டினார். நான் நிறுத்தவில்லை. கடைசியில் அவரும் இன்னொருவரும் ஏறி, ஆளுக்கொரு தோளைப் பிடித்து, சாமி சிலையைத் தூக்குகிற மாதிரி என்னைத் தூக்கி இறக்கினார்கள். ஹாலே எழுந்து கைதட்டியது.

செல்வி வந்தாள். என் கைத்துணியைச் சுருட்டிச் சுருட்டி உள்ளே இருந்த விரலைக் கண்டுபிடித்தாள்.

"ஓடப் பாத்தீங்கதானே?"

"பாத்தேன்."

"தெரியும். இருந்தாலும் பேச்சு பேச்சுதானுங்க. பொட்டி இருக்கட்டும்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அந்த வாத்தியாரு அப்புறம் என்ன ஆனாரு?"

மறுவருசக் கூட்டத்துக்கு ஐந்து பேர் படையாக வேசம் கட்டி வந்தார்கள். ஐந்து பேருக்கும் கை விரலைத் தாண்டித் தொங்கியது. துணியைக் குறுக்கே போட்டு வெட்டித்தரச் சொல்லி என்னிடமே வந்தார்கள். பச்சைக் கட்சிக்காரர்கள் உட்பட எல்லாரும் சிவப்பு.

இப்போதும் விசேஷ வீடுகளில் மைக்கைக் கண்டால் நான் பின்வாசல் பக்கம் நகர்வேன். செல்வி அந்த வீட்டுக்காரர்களிடம் நிதானமாகச் சொல்வாள்: "சும்மா கூப்பிட்டா நிக்க மாட்டாருங்க. காலை மூடுற மாதிரி ஒரு பேண்ட் குடுங்க, நல்லாப் பேசுவாரு."