ஆன் செய்யப்படாத ஒர்க்ஸ்டேஷன்

பழைய பொருளை வைத்திருப்பவர்கள் ஒரு ரகம். பழைய பொருளின் சரித்திரத்தை வைத்திருப்பவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தாரால் உங்களுக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. அவர்கள் வீட்டில்தான் இடம் அடைபடும். இரண்டாம் ரகத்தார் வீட்டுக்கு நீங்கள் ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டுப் போனால், திரும்பி வரும்போது உங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்திருப்பார்கள்.

நம்மவர் இரண்டாம் ரகம். காப்பீட்டு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தெருவில் யாரையாவது நிறுத்தி 'சரித்திரம் வீடு எது?' என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். வீட்டில் படுக்கையறை இரண்டு. ஏ.சி. இருப்பது ஒன்றில். அந்த அறையில் வசிப்பது ஒரு ஒர்க்ஸ்டேஷன். அவரும் மனைவியும் மற்ற அறையில் மின்விசிறிக்குக் கீழே புழுங்கிக்கொண்டு படுத்திருப்பார்கள். 'உங்க மூத்தவளுக்கு ஏ.சி. போட்டாச்சா?' என்று அந்த அம்மாள் தினமும் கேட்பார். போட்டாச்சு என்று இவரும் தினமும் பதில் சொல்வார். அதில் இருந்த குத்தல் அவருக்கு உறைத்ததே இல்லை.

நீங்கள் அதைக் கம்ப்யூட்டர் என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால் கண்ணை மூடிக்கொள்வார். வலி அடங்கியதும், கம்ப்யூட்டர் வேறு, பொறியாளர்கள் கனத்த வேலைக்கு வைத்திருந்த ஒர்க்ஸ்டேஷன் வேறு என்று ஆரம்பிப்பார். பிறகு அதன்மேல் போர்த்தியிருக்கும் போர்வையை இரண்டு விரலால் மெல்ல விலக்குவார். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி, பெட்டியைவிடப் பருமனான ஒரு மானிட்டர், பற்கள் மஞ்சளேறிய ஒரு கீபோர்டு. நீங்கள் கையை நீட்டுவீர்கள். தொடாதீர்கள் என்பார். ஆன் ஆகுமா என்பீர்கள். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள்.

"ஆகும். ஆனா பண்ணக்கூடாது. இத்தனை வருஷம் தூங்கினதுக்குத் திடீர்னு கரண்ட் குடுத்தா உள்ள ஏதாவது வெடிச்சுடும். அப்புறம் சரித்திரமே போயிடும்."

அப்படியாக, ஒரு தடவைகூட ஆன் செய்யாத இயந்திரத்தைப் பற்றி அவர் மணிக்கணக்கில் பேசுவார். குழாய் ஒழுகுகிறது என்று வந்த பிளம்பர் கேட்டிருக்கிறார். அவர் கேட்டு முடிப்பதற்குள் சமையலறையில் கணுக்கால் தண்ணீர். காய்ச்சலுக்கு ஊசி போட வந்த டாக்டர், ஊசியைக் கையில் பிடித்தபடியே கேட்டிருக்கிறார். உலகத்தில் இந்த மாடலை ஒரு கை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பார். செய்த கம்பெனியே இப்போது இல்லை. இதில் விமானத்துக்கு இறக்கை வரைந்தார்கள். சில வருடம் கழித்துப் போனவர்களுக்கு இறக்கையோடு வாலும் சேர்ந்து கிடைத்தது. போன வருடம் போனவர்கள் முழு விமானத்தையே பார்த்துவிட்டு வந்தார்கள். ராக்கெட் மட்டும்தான் பாக்கி.

அந்தச் சமயத்தில்தான் மகள் போனில் பேசினாள். பிரசவமாகி ஆஸ்பத்திரியிலிருந்து புகுந்த வீடு திரும்பியிருந்தாள். குழந்தைக்கு வெயிலில் உடம்பெல்லாம் வேர்க்குரு.

"அப்பா, டாக்டர் குளுகுளுன்னு இருக்கற ரூம்ல வெச்சுக்கச் சொல்றாரு. அங்க வரலாம்னு பாத்தேன். இடம் இருக்குமா? இல்லேன்னா பரவால்ல, இவரோட அக்கா வீட்டுக்குப் போயிடறேன்."

அந்த 'பரவால்ல' அவரை என்னவோ செய்துவிட்டது. ஒரே மகள். அவள் பிறந்த வீட்டில் இடம் கேட்கிறாள், அதுவும் ஒரு பெட்டியிடம். அன்று முழுக்க அவர் யாருக்கும் சரித்திரம் சொல்லவில்லை. மனைவி பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் பழைய இயந்திரங்களுக்குக் காட்சிக்கூடம் அமைத்துக்கொண்டிருந்தார்கள். எடுத்துக்கொள்ளலாம் என்று இவர் சொல்லியனுப்பியதும் பொறுப்பிலிருந்த பேராசிரியை வேனோடு வந்துவிட்டார். இயந்திரத்தைச் சுற்றிப் பார்த்தார், திருப்திப்பட்டார். நம்மவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தயாரானபோது, உள்ளங்கை அளவில் ஓர் அட்டையை நீட்டினார்.

"இதோட சரித்திரத்த இதுல எழுதிக் குடுங்க சார். மூணு வரி. உறுதியா தெரிஞ்சது மட்டும்."

மூன்று வரியா? கீபோர்டுக்கே அவர் அரை மணி நேரம் வைத்திருந்தார். இருந்தாலும் பேனாவைத் திறந்தார்.

"விமான இறக்கை வரைஞ்சதுன்னு போடட்டுமா?"

"எப்படித் தெரியும்?"

"வித்த பழைய இரும்புக் கடைக்காரர் சொன்னார்."

"இறக்கைன்னு சொன்னாரா?"

"பெரிய இடத்து ஐட்டம்னு சொன்னார்."

"எந்த இடம்?"

"அத நான் கேக்கல."

"உலகத்துலயே சிலதுதான் இருக்குங்கறீங்களே, அது?"

"நான் இன்னொண்ணு பாத்ததில்ல."

பேராசிரியை கேலி எதுவும் செய்யவில்லை; அதுதான் கொடுமை. மனைவி கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர், இப்போது புருஷன் முகம் தொங்கிப் போனதைப் பார்க்கச் சகிக்காமல் உள்ளே போய்விட்டார். நம்மவருக்கு அட்டையைக் கிழித்துப் போட்டு, வேனைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்றிருந்தது. வீட்டிலேயே இருந்தால் அதற்கு விமானமாவது மிஞ்சும். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"அப்பா, ரூம் காலியாயிடுச்சா?"

"ஆயிடுச்சும்மா. நீ கிளம்பி வா," என்றார்.

பிறகு எழுதினார். 'பழைய ஒர்க்ஸ்டேஷன். இரும்புக் கடையில் கிடைத்தது. ஒரு வீட்டில் மிகவும் பிரியமாக வைத்திருந்தார்கள்.' மூன்றாவது வரிக்குப் பேராசிரியை ஆதாரம் கேட்கவில்லை. வேன் போனது. அவர் தெருவிலேயே வெகுநேரம் நின்றார்.

திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? குழந்தையைப் பார்க்கப் போனவர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள். ஏ.சி. அறையில் போர்வையை இரண்டு விரலால் விலக்குகிறாராம். தொடக்கூடாதாம், பார்க்கலாமாம். அந்தப் புருவம் அவருடைய பாட்டனார் வழியாம். பாட்டனார் கணக்கில் புலியாம். குழந்தை விரலை மடக்கும் தினுசைப் பார்த்தாலே இது கணக்குப் போடப் பிறந்த கை என்று தெரிந்துவிடுமாம். மனைவி குறுக்கிட்டு, புருவம் கிடக்கட்டும், மூக்கு எங்கள் வீட்டு மூக்கு என்றாராம். எப்படித் தெரியும் என்று இவர் கேட்க, அந்த அம்மாள் பார்த்த பார்வையில் அறை இன்னும் குளிர்ந்துவிட்டதாம். வேர்க்குரு மட்டும் அடங்கிவிட்டது.

நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் கடைசியாக ஒரு வீட்டுக்குப் போய், கண்ணே இன்னும் சரியாகத் திறக்காத ஒரு பச்சைக் குழந்தையை எட்டிப் பார்த்துவிட்டு, நாக்கு சும்மா இல்லாமல் 'அப்படியே உரிச்சு வெச்ச மாதிரி...' என்று ஆரம்பித்தது யார்?